ஜன்னலுக்கும் ஜனவரிக்கும் என்ன உறவு?

மதியம் இரண்டு மணி வரை வெயில் கொளுத்தும், இரண்டரைக்கு வானம் கறுத்துவிடும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு நாள், யீஷூனில் எங்கள் புளோக்கின் பதினோராவது மாடியில், மூங்கில் கழிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஜாவாக்காரப் பணிப்பெண் அந்த வீட்டுப் பையனைப் பார்த்துக் கத்தினார்: "ஜெண்டேலா! ஜெண்டேலா!"

எனக்கு இந்தோனேசிய மொழி தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. சாரல் அடிக்கிறது, ஜன்னலைச் சாத்து என்கிறார்.

மழை விட்ட பிறகும் அந்தச் சொல் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே மலாய்க்காரர்கள் பேச்சில் ஜன்னலைத் திங்காப் என்பார்கள். ஜெண்டேலா அவர்களுக்குக் கொஞ்சம் ஏட்டு வாசனை அடிக்கும் சொல். இந்தோனேசியர்களுக்கோ அதுதான் அன்றாடச் சொல். அது எப்படி நம் ஜன்னலோடு இவ்வளவு ஒட்டிப் போகிறது? கப்பல், கடை என்று தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள் உண்டுதான். அந்தப் பெருமையில் இதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை நாம் கொடுத்தவர்கள் இல்லை. அவர்களும் நமக்குக் கொடுக்கவில்லை. இருவருமே மூன்றாவது ஆள் ஒருவரிடம் வாங்கியிருக்கிறோம்.

பரம்பரைச் சொத்தும் கைமாற்றும்

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரியான சொல் இருந்தால், அதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது, இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். தமிழில் கண், மலையாளத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு. இதில் யாரும் யாரிடமும் வாங்கவில்லை, பாட்டி வீட்டுச் சொத்து. இரண்டாவது, ஒரு மொழி இன்னொன்றிடம் கைமாற்றாக வாங்கியிருக்கும். இதைக் கடன்சொல் என்கிறார்கள். பெயர்தான் கடன், இதுவரை எந்த மொழியும் திருப்பிக் கொடுத்ததில்லை. மூன்றாவது, வெறும் தற்செயல். இந்த மூன்றாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவர்தான் ஏமாற்றுக்காரர்.

ஜன்னலின் கதையில் முதல் பாதி ஐரோப்பாவில் நடக்கிறது. அங்கே அது பரம்பரைச் சொத்து, லத்தீன் என்ற தாய் போர்ச்சுகீசிய மொழி என்ற பிள்ளைக்கு விட்டுப்போனது. இரண்டாம் பாதி ஆசியாவில். இங்கே அது கைமாற்று.

கதவுக்குப் பிறந்த குட்டி

பழைய ரோமில் பேசிய லத்தீனில் வீட்டு வாசற்கதவுக்கு யானுவா என்று பெயர். வளைவு வைத்த வாசலுக்கு யானுஸ். அந்த வாசலுக்கு ஒரு சாமியும் உண்டு, அவர் பெயரும் யானுஸ்தான். முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். வருகிறவனையும் போகிறவனையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமே! ரோம் நகரில் அவர் கோயிலின் கதவுகள் போர்க்காலத்தில் திறந்திருக்கும், எங்கும் போர் இல்லாதபோது சாத்தியிருக்கும். சாத்தியிருந்த காலம் கொஞ்சம்தான்.

இப்போது லத்தீன் இலக்கணத்தில் ஒரே ஒரு துண்டு. நாம் ஒன்றைச் சின்னதாக்க முன்னால் சிறு, குட்டி என்று சேர்ப்போம். லத்தீன்காரர்கள் பின்னால் ஒரு வாலை ஒட்டுவார்கள். அந்த வால்களில் ஒன்று 'எல்லா'. நம் பையில் எப்போதும் கிடக்கும் அம்ப்ரெல்லாவிலும் அந்த வால் இருக்கிறது. உம்ப்ரா என்றால் லத்தீனில் நிழல். இத்தாலி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அம்ப்ரெல்லா, குட்டி நிழல். அதே கணக்கில் யானுவாவோடு எல்லாவை ஒட்டினால் யானுவெல்லா. குட்டிக் கதவு.

குட்டிக் கதவு எப்படி ஜன்னலானது என்று யோசிக்கவே வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் போய் நின்று பாருங்கள். பக்கவாட்டில் கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கிற அந்த ஜன்னலுக்குக் கதவு என்றே பெயர் வைத்தாலும் தப்பில்லை. அந்தக் கீல்களில் உள்ள அலுமினிய ரிவெட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் போட வேண்டும் என்று 2004-இல் இங்கே சட்டமே வந்தது. பதினோராவது மாடியிலிருந்து குட்டிக் கதவு கழன்று விழுந்தால் கீழே நிற்பவர் கதி என்ன?

யானுவெல்லா என்ற சொல் எந்த லத்தீன் ஏட்டிலும் கண்டெடுக்கப்பட்டதில்லை. சொற்பிறப்பு அகராதிகளில் அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். 'இப்படி எழுதியதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் இப்படி ஒன்று பேச்சில் இருந்திருக்க வேண்டும்' என்பதுதான் அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம். ஏட்டில் எழுதிய லத்தீன் ஒன்று, சந்தையிலும் அடுப்படியிலும் பேசிய லத்தீன் இன்னொன்று. செந்தமிழும் பேச்சுத் தமிழும் போலத்தான். போர்ச்சுகீசிய மொழி பிறந்தது அந்தப் பேச்சு லத்தீனிலிருந்து.

பார்க்காத சொல்லை எப்படி நம்புவது? இங்கேதான் ஒலி மாற்றங்கள் துப்பறிவாளர் வேலை பார்க்கின்றன. போர்ச்சுகீசிய மொழியில் ஜன்னலுக்கு ஜனேலா என்று பெயர். முதலில் வரும் ஜ-வை நம்மைப் போல அழுத்தாமல் கொஞ்சம் இழைத்துச் சொல்வார்கள். லத்தீனில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை 'ன' வந்தால், போர்ச்சுகீசிய மொழி அதை விழுங்கிவிடும். நிலவு லத்தீனில் லூனா, ஸ்பானிய மொழியிலும் லூனா, போர்ச்சுகீசிய மொழியில் மட்டும் லூவா. ஒற்றை 'ல'வுக்கும் அதே கதிதான். நிறத்துக்கு ஸ்பானிய மொழியில் கொலோர், போர்ச்சுகீசிய மொழியில் வெறும் கோர்.

அப்படியானால் ஜனேலாவில் ன-வும் ல-வும் எப்படித் தப்பித்தன? இரட்டையாக இருந்ததால்தான். எல்லா என்ற வாலில் 'ல்ல' இருந்தது. யானுவாவின் 'னுவ'வும் பேச்சு வேகத்தில் 'ன்ன' ஆகிவிட்டது. இதற்குச் சாட்சி உண்டு: இத்தாலியைச் சேர்ந்த சார்தீனியத் தீவில் இன்றும் கதவுக்கு ஊருக்கு ஊர் ஜன்னா, யன்னா என்றுதான் சொல்கிறார்கள். இரட்டை எழுத்துகளைப் போர்ச்சுகீசிய மொழி விழுங்காது, ஒற்றையாக இளைக்க மட்டும் வைக்கும். ஜன்னெல்லா இளைத்து ஜனேலா ஆனது. அப்புறம் அந்தச் சொல் தமிழுக்கு வந்தது, நாம் கொஞ்சமும் யோசிக்காமல் ன-வை மறுபடி இரட்டித்து ஜன்னல் என்றோம். ரோமானியத் தெருவில் இருந்த இரட்டை 'ன்ன', போர்ச்சுகலில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, நாகப்பட்டினத்தில் திரும்பக் கிடைத்தது போல. சுத்தமான தற்செயல்தான். தமிழுக்கு லத்தீன் ஞாபகம் எங்கிருந்து வரும்? ஆனாலும் இதை முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

காற்றும் கண்ணும்

ஐரோப்பாவில் எல்லோரும் குட்டிக் கதவு என்று சொன்னார்களா? இல்லை. ஜனேலா போர்ச்சுகீசியர்களோடும், அவர்களின் வடக்கு எல்லையில் கலீசிய மொழி பேசும் அண்டை வீட்டாரோடும் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு லத்தீனின் முறையான சொல் ஃபெனெஸ்ட்ரா. இத்தாலியில் ஃபினெஸ்ட்ரா, பிரெஞ்சில் ஃபெனெத்ர், ஜெர்மனில் ஃபென்ஸ்டர், வேல்ஸ் மொழியில் ஃபெனெஸ்ட், ருமேனியாவில் ஃபெரியஸ்த்ரா என்று அதுதான் ஊரெல்லாம் பரவியது. ஜெர்மனும் வேல்ஸும் லத்தீனின் பிள்ளைகள் இல்லை, அவை ரோமானியர்களிடம் கைமாற்று வாங்கின.

ஃபெனெஸ்ட்ரா போர்ச்சுகலுக்கும் போனது. அங்கே அதன் ன-வை வழக்கம்போல விழுங்கி, மிச்சத்தை ஃபிரெஸ்டா என்று ஆக்கி, சுவரில் விழும் விரிசலுக்கும் இடுக்குக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். முறையான வாரிசு இடுக்கில் போய் உட்கார்ந்தது, கதவின் குட்டி ஜன்னலாகிவிட்டது. சொற்களின் வாழ்க்கையில் இப்படி அநியாயங்கள் சகஜம்.

போகிற போக்கில் இன்னொன்று. ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்கு ஐரோப்பாவில் ஃபெனெஸ்ட்ராவை வைத்தே தனிச்சொல் உண்டு, டிஃபெனெஸ்ட்ரேஷன். 1618-இல் பிராகு நகர அரண்மனையில் மூன்று பேரை அப்படித் தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் மூண்ட சண்டை முப்பது ஆண்டு ஓடியது. நம் புளோக்கில் மேலிருந்து பொருள்களை வீசாதீர்கள் என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூவர் ஞாபகம்தான்.

ஸ்பானியர்கள் இரண்டையும் விட்டுவிட்டு வெந்தானா என்றார்கள். அதில் இருப்பது காற்று, லத்தீனில் வென்டுஸ். ஆங்கிலத்தின் விண்டோவும் காற்றுதான், ஆனால் வேறு வழியில் வந்தது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் விண்டவுகா, காற்றின் கண். ரஷ்யர்களின் அக்னோவில் காற்று இல்லை, கண் மட்டும் உண்டு.

இப்போது சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும் இடத்தில் 'மான்கட் காலதர்' என்று வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி, காலதர். அதுவும் மானின் கண்ணைப் போலச் செய்த காலதர். வடகடல் வைக்கிங்குக்குத் தோன்றிய காற்றும் கண்ணும் இரண்டுமே காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய புலவருக்கும் தோன்றியிருக்கின்றன. இதில் யாரும் யாரிடமும் வாங்கவில்லை. சுவரில் ஒரு ஓட்டை போட்டால் அதன் வழியே காற்று வரும், அதன் வழியே பார்க்கலாம். மனிதர்கள் எங்கே இருந்தாலும் இந்த இரண்டையும்தான் கவனிப்பார்கள் போல.

குட்டிக் கதவு என்ற யோசனையும் போர்ச்சுகீசியர்களின் தனிச்சொத்து இல்லை. பாரசீகத்தில் கதவுக்கு தர், அதன் குட்டி தரீச்சே, அதாவது ஜன்னல். அந்தச் சொல் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சுவாஹிலியில் திரிஷா என்று உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு வேறு யாராவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

கப்பல் ஏறிய சொல்

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். 1510-இல் கோவா போர்ச்சுகீசியர் கையில், அடுத்த ஆண்டே மலாக்கா. சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய அதே மலாக்காதான். அங்கே அப்போது தமிழ் வணிகர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களில் நீனா சாத்து என்று போர்ச்சுகீசிய ஆவணங்கள் குறிப்பிடும் ஒருவரைப் பெண்டஹாரா என்ற தலைமை அமைச்சர் பதவியில் போர்ச்சுகீசியர்கள் அமர்த்தினார்கள். அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் புழங்கியதாக அங்கே வாழ்ந்த தோமே பிரேஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதி வைத்திருக்கிறார். மலாய், தமிழ், குஜராத்தி, சீனம் எல்லாம் மோதிக்கொள்ளும் இடத்தில் சொற்கள் கைமாறாமல் என்ன செய்யும்?

இந்தப் பக்கம் சோழமண்டலக் கரையில் சாந்தோம், நாகப்பட்டினம், தெற்கே தூத்துக்குடி என்று அவர்கள் குடியேறினார்கள். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் போட்டதும் ஒரு போர்ச்சுகீசியப் பாதிரியார்தான். பாதிரி என்பதே அவர்களுடைய பாத்ரே. மலாக்காவை 1641-இலும் நாகப்பட்டினத்தை 1658-இலும் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஆட்சி போனாலும் பேச்சு போகவில்லை. டச்சுக்காரர்களே பல துறைமுகங்களில் உள்ளூர் மக்களோடு போர்ச்சுகீசியக் கலப்பு மொழியில்தான் பேச்சை ஓட்டினார்கள்.

ஜன்னல் அவர்களிடமிருந்துதான் வந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி வரைபடம். ஒரு பென்சிலை எடுத்து, ஜனேலாவின் வாரிசுகள் வாழும் இடங்களில் புள்ளி வையுங்கள். கோவாவில் கொங்கணி மொழியின் ஜனேல். கேரளத்தில் ஜனல். தமிழில் ஜன்னல். இலங்கையில் சிங்களவர்கள் தங்கள் மொழிக்கே உரிய வாலை ஒட்டிக்கொண்ட ஜனேலய. வங்காளத்தில் ஜானாலா. இந்தோனேசியாவிலும் மலாயிலும் ஜெண்டேலா. திமோர் தீவின் கிழக்கே தேத்தும் மொழியில் ஜனேலாவே. எல்லாப் புள்ளிகளும் கடலோரம்! உள்நாட்டுக்குப் போனால் சொல் மாறிவிடும். இந்திக்காரர் கிடக்கி என்பார், தெலுங்கர் கிட்டிகி என்பார். சொந்தத் திராவிடச் சொல்லாக இருந்திருந்தால் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் சாயல் தெரிந்திருக்க வேண்டும். கப்பல் நின்ற ஊர்களில் மட்டும் முளைத்திருக்கிற சொல் கப்பலில்தான் வந்திருக்கும்.

கப்பல் நின்ற எல்லா ஊரிலும் முளைத்ததா என்றால், அதுவும் இல்லை. மக்காவ் 1999 வரை, நானூறு ஆண்டுக்கு மேல், போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் ஜன்னலுக்கு இன்றும் சீனச் சொல்தான். பழகினால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ளும் மனமும் வேண்டும்.

நமக்கு ஏன் அந்த மனம் வந்தது? காலதர் இருந்தது, சாளரம் இருந்தது, பலகணி இருந்தது. எனக்குப் படுவது இதுதான்: பலகணி என்பதற்குப் பல கண் உடையது என்று பொருள் சொல்வார்கள். அதாவது துளைகள் போட்ட தட்டி. போர்ச்சுகீசியன் கொண்டுவந்ததோ கீல் வைத்து, இரண்டு பலகைகளைத் திறந்து மூடும் சமாச்சாரம். புதுப் பொருள் வரும்போது பெயரையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிடுவது நம் வழக்கம். சிங்கப்பூரில் எழுத்தாளர்கள் இன்னும் சாளரத்தை விடவில்லை. கணினித் திரையில் திறக்கும் கட்டத்துக்குச் சாளரம் என்று பெயர் வைத்தது நல்ல வேலை என்பேன். வீட்டில் ஜன்னல், திரையில் சாளரம், இரண்டும் பிழைத்துக்கொண்டன.

ஜெண்டேலாவுக்குள் புகுந்த 'ட'

சரி, பணிப்பெண்ணின் ஜெண்டேலாவில் ஒரு 'ட' கூடுதலாக இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? உறுதியாகச் சொல்ல முடியாது, என் ஊகம் இது. ஜனேலாவை வேகமாகச் சொல்லி, நடு உயிரை விழுங்கி, ஜன்லா என்று சொல்லிப் பாருங்கள். ன-விலிருந்து ல-வுக்குத் தாவும்போது மூக்கு வழி மூடிக்கொள்ளும், நாக்கு இன்னும் மேலண்ணத்தை விட்டு எழுந்திருக்காது. அந்த நொடியில் ஒரு ட தானாகவே பிறந்துவிடும். உலகம் முழுக்க வாய்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. லத்தீனில் அறைக்கு காமெரா. பிரெஞ்சுக்காரர்கள் நடு உயிரை விழுங்கியபோது ம-வுக்கும் ர-வுக்கும் நடுவே ஒரு ப முளைத்து ஷாம்ப்ர் ஆனது, அதிலிருந்து ஆங்கிலத்தில் சேம்பர். நம் கையிலுள்ள கேமராவும் அதே காமெராதான், ஆனால் ப முளைக்காத கிளை.

தமிழ் வாய் வேறு மாதிரி. கடைசி ஆ-வை வெட்டியது, ன-வை இரட்டித்தது, ல்-இல் முடித்தது. கடல், பகல், விரல் போல ஒலிக்க ஆரம்பித்ததும் அதை வெளியூர்க்காரன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னலோரம் என்று புணர்ச்சி விதிப்படி சேர்த்துவிட்டோம். எம்ஆர்டி ரயிலில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடும் என் மகளிடம் அது வெளிநாட்டுச் சொல் என்றால் சிரிக்கிறாள். மிச்சம் இருப்பது ஜ என்ற கிரந்த எழுத்துதான். அதையும் சிலர் விடுவதில்லை, சன்னல் என்று எழுதுவார்கள்.

யாழ்ப்பாணத்தவர்கள் ஜ-வை ய ஆக்கிவிடுவார்கள். ஜப்பான் அவர்களுக்கு யப்பான், ஜெர்மனி யேர்மனி. எதிர்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆச்சிக்கு ஜன்னல், யன்னல். லத்தீனிலும் முதல் எழுத்து ய-தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். யானுவா, யன்னெல்லா. ய என்று ரோமில் கிளம்பிய சொல் போர்ச்சுகலில் ஜ ஆகி, யாழ்ப்பாணத்தில் மறுபடி ய ஆகிவிட்டது. யானுஸ் கோயில் வாசலில் நின்ற ஒரு ரோமானியனை இன்று எங்கள் புளோக்கில் கொண்டுவந்து விட்டால், ஆசியாவிலேயே அவன் காதுக்குப் பழகினது போல ஒலிப்பது ஆச்சியின் யன்னல்தான். இதை ஆச்சியிடமே சொன்னேன். "எனக்கு இலத்தீன் தெரியும் எண்டு நீதான் பிள்ளை முதல் முதலாச் சொல்லுறாய்" என்றார்.

தலைப்பில் கேட்ட கேள்வி

யானுஸ் சாமியின் பெயரில் ரோமானியர்கள் ஒரு மாதத்துக்கு யானுவாரியுஸ் என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியில் ஜென்னாயோ (அந்த 'ன்ன'வைக் கவனியுங்கள்), பிரெஞ்சில் ஜான்வியே, ஸ்பானிய மொழியில் எனேரோ, போர்ச்சுகீசிய மொழியில் ஜனெய்ரு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ என்ற ஊர்ப்பெயருக்கு ஜனவரி நதி என்று பொருள். 1502 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்த போர்ச்சுகீசியர்கள் அந்த விரிகுடாவைப் பார்த்து வைத்த பெயர். மலாயில் ஜனுவாரி, நமக்கு ஜனவரி.

ஆக, ஜன்னலும் ஜனவரியும் ஒரே வாசலில் பிறந்தவை. ஆனால் தமிழுக்கு வந்த வழி வேறு வேறு. ஜன்னலைப் போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தார்கள், ஜனவரியை ஆங்கிலேயர்கள். ஒரு வேர், இரண்டு கப்பல்கள், நடுவே நூறாண்டுக்கு மேல் இடைவெளி. இப்படி ஒரே வேரிலிருந்து வந்த சொல் ஒரு மொழிக்குள் இரண்டு தடவை, இரண்டு வேடத்தில் நுழைவது அபூர்வமே இல்லை.

ஏமாற்றுக்காரர்

மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் இல்லையா? பலகணியும் பால்கனியும்தான் அவருக்குச் சரியான உதாரணம். இரண்டும் வீட்டின் வெளிப்புறத்தில் இருப்பவை, ஒலியும் கிட்டத்தட்ட அதேதான். எங்கள் வட்டாரத்தில் பால்கனிக்குப் பலகணி என்றே சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, ஆங்கிலேயன் நம்மிடம்தான் வாங்கியிருக்கிறான்' என்று மார்தட்டியவரும் உண்டு. உண்மையில் பால்கனி இத்தாலியில் பால்கோனே, அதற்கும் முன்னால் ஜெர்மானிய மொழிகளில் உத்தரக்கட்டையைக் குறித்த சொல். பல கண்ணுக்கும் உத்தரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனவே இரண்டு சொற்கள் ஒரே மாதிரி இருந்தால் உடனே சம்பந்தம் பேசிவிடாதீர்கள். எந்த ஊர் வழியாக, யார் கையில், எந்தக் காலத்தில் வந்தது என்று கேளுங்கள். ஜன்னலுக்குக் கோவாவிலிருந்து திமோர் வரை ஒவ்வொரு துறைமுகமும் சாட்சி சொன்னது. பலகணிக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு துறைமுகம்கூட இல்லை.

ஜன்னலோடு அதே கப்பலில் வந்த உறவினர்கள் உங்கள் அறையிலேயே இருப்பார்கள். மேசை போர்ச்சுகீசிய மெசா, லத்தீனில் மென்சா. மலாயில் அது மேஜா. அலமாரி அவர்களின் அர்மாரியு. அதன் வேர் லத்தீனில் ஆயுதத்துக்கும் கருவிக்குமான அர்மா, அதாவது கருவிகள் வைக்கும் இடம். இரண்டு ர-வைச் சொல்ல நாக்கு சோம்பல்பட்டு ஒன்றை ல ஆக்கியதில் மலாய்க்காரருக்கு அல்மாரி, நமக்கு அலமாரி, ஆச்சிக்கு அலுமாரி. பேனா லத்தீன் இறகு, பென்னா. பூட்டின் சாவி போர்ச்சுகீசிய ஷாவே, லத்தீனில் கிளாவிஸ். மலாக்காவிலிருந்து இங்கே வந்து குடியேறிய யுரேசியர்களில் சிலர் பேசும், போர்ச்சுகீசியக் கலப்பு மொழியான கிறிஸ்தாங்கில் இந்தச் சொற்கள் இன்னும் வீட்டுச் சொற்கள். நம்மைப் போல வாங்கியவை இல்லை. 2016-இல் சிங்கப்பூரில் அந்த மொழிக்கு வகுப்புகளும் தொடங்கின.

கடைசியாக ஒன்று. போன மாதம் ஜன்னலுக்குக் கம்பித் தடுப்பு போட ஆள் வந்திருந்தார். விலைப்பட்டியலில் 'கிரில்' என்று எழுதியிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, "கிராதின்னு எழுதாம கிரில்லுன்னு எழுதியிருக்கானே" என்று முணுமுணுத்தார். கிராதி, பழைய தமிழ்ச் சொல் என்பது அவர் எண்ணம். அது போர்ச்சுகீசிய கிராதே. அதன் தாய் லத்தீனில் பின்னல் தட்டியைக் குறிக்கும் கிராதிஸ். ஆங்கில கிரில் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் தாய் கிராதிகுலா, கிராதிஸோடு இன்னொரு குட்டி வாலை ஒட்டிய சொல். அப்பா சொன்னது தட்டி, அந்த ஆள் எழுதியது குட்டித் தட்டி. விலைப்பட்டியலில் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று போட்டிருந்ததால் இரண்டுக்கும் ஒரே காசுதான்.